வாய்க்கு முன் காது, விரலுக்கு முன் தோள்

பிள்ளை வளர்ச்சி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ‘இன்னும் வரவில்லையே’ என்ற கவலையில்தான் முடிகின்றன. பேச்சு வரவில்லை, நடை வரவில்லை, எழுத்து வரவில்லை. வராததையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு முன்னால் வரவேண்டியது வந்துவிட்டதா என்று பார்க்கத் தோன்றாது. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 2 வயதும் 3 மாதமும். பத்துச் சொல்தான் கதைக்கிறான். வீட்டில் அம்மம்மா தமிழ், அவனைப் பார்க்க வரும் அக்கா சிங்களம், நானும் கணவரும் ஆங்கிலம். மூன்று மொழியில் பிள்ளை குழம்பிப்போனான், இரண்டை நிறுத்துங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆம்பிளைப் பிள்ளைகள் பிந்தித்தான் கதைப்பார்கள், மூன்று வயது வரை பொறு என்கிறார் மாமி. யார் சொல்வது சரி?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இருவர் சொல்வதும் பிழை. மாமி சொல்வதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அது கேட்க ஆறுதலாக இருக்கிறது.

முதலில் மொழிக் கணக்கு. மூன்று மொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு மூன்றிலும் உள்ள சொற்களைக் கூட்டித்தான் எண்ணவேண்டும். ‘தண்ணி’, ‘வத்துர’, ‘வோட்டர்’ மூன்றையும் சொன்னால் அது மூன்று சொல். ஒரே வசனத்தில் இரண்டு மொழியைக் கலப்பது குழப்பத்தின் அடையாளமல்ல. கைக்கு அகப்பட்ட சொல்லை எடுத்துப் பாவிக்கும் சிக்கனம். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். பல மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. உண்மையில் பிந்துகிற பிள்ளைக்கு எல்லா மொழியிலும் சேர்ந்தே பிந்தும்.

கூட்டியும் பத்துதான் என்றால் அது குறைவு. 2 வயது நிறையும்போது 50 சொல் அளவில் இருக்கவேண்டும். ‘அம்மா வா’, ‘பால் இன்னும்’ என்று இரண்டு சொல்லைக் கோக்கவும் தொடங்கியிருக்கவேண்டும். ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்மைதான். அந்த வித்தியாசம் ஓரிரு மாதம், ஒரு வருடமல்ல. ஆகவே மூன்று வயது வரை காத்திருக்கவேண்டாம்.

எங்கே தொடங்குவது? காதில். ‘கைதட்டிப் பார்த்தோம், திரும்பினான்’ என்று பலர் சொல்வார்கள். கைதட்டல் பெரிய சத்தம். பாதிதான் காது கேட்கும் பிள்ளையும் திரும்பும். சில வேளை சத்தத்துக்கல்ல, உங்கள் கையின் நிழலுக்குத் திரும்பும். தடிமன் அடிக்கடி வரும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்பதுண்டு. காதுவலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் கேட்கும்: ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிர்கள் காதில் விழும், ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய மெய்கள் கரைந்துவிடும். ‘சப்பாத்து’ என்று நீங்கள் சொன்னது அவனுக்கு ‘..ஆ..ஆ..உ’. கேட்காததை எப்படித் திருப்பிச் சொல்வான்? ஆகவே முறையான செவிப்புலன் பரிசோதனை செய்யுங்கள். காதுக்குள் ஒரு சிறு செருகியை வைத்து உள்காது பதிலுக்கு எழுப்பும் ஒலியைப் பதிவார்கள். செவிப்பறையின் அசைவை அளப்பார்கள். தேவையென்றால் பிள்ளை தூங்கும்போது தலையில் ஒட்டிகளை வைத்துச் செவி நரம்பின் சமிக்ஞையைப் பார்ப்பார்கள். எதுவும் வலிக்காது.

அடுத்தது, விளக்கம்: நாம் சொல்வது அவனுக்கு விளங்குகிறதா? குசினியில் நின்றுகொண்டு, அவன் முன்னால் கரண்டி, சப்பாத்து, பந்து மூன்றையும் வையுங்கள். ‘சப்பாத்தைத் தா’ என்று சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் கண் சப்பாத்தைப் பார்க்கக்கூடாது, கை நீளக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளை சொல்லைக் கேட்டுச் செய்வதில்லை. அம்மாவின் கண் போகும் திசையைப் பார்த்துச் செய்கிறது. கண்ணை மறைத்துக் கேட்டும் சரியாக எடுத்தால் விளக்கம் இருக்கிறது, வெளிப்பாடுதான் பிந்துகிறது. அது நல்ல அறிகுறி.

மூன்றாவது, சுட்டுவிரல். காகத்தைக் கண்டால் விரலால் காட்டி, பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? ‘நீயும் பார்த்தாயா’ என்று கேட்கும் அந்தப் பார்வை சொல்லுக்கு முன்னால், ஒரு வயதை அண்டி வரவேண்டியது. விரலால் காட்டுவதில்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதற்கு உங்கள் கையைப் பிடித்து ஒரு கருவிபோல இழுத்துக்கொண்டு போகிறான், அல்லது முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால், ஓட்டிசம் உட்படச் சரியான மதிப்பீடு தேவை. உங்கள் குடும்ப வைத்தியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கடிதம் வாங்கிக்கொண்டு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆயதி நிலையமும் இருக்கிறது. திகதி கிடைக்கக் காலம் எடுத்தால் பதிந்துவிட்டு, வீட்டு வேலையை இன்றே தொடங்குங்கள்.

வீட்டு வேலை என்றால் ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று கேட்பதல்ல. அது பரீட்சை. நாளுக்கு இரண்டு முறை, 15 நிமிடம், போனும் தொலைக்காட்சியும் இல்லாமல் அவன் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். கடற்கரைப் பாதையில் கோச்சி போகிறது. ‘கோச்சி!’ என்று சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் பெற்றோருக்கு ஆகக் கஷ்டமான வேலை. மூன்று வருமுன் அடுத்த சொல் வாயிலிருந்து வந்துவிடும். அவன் ‘கோச்சி’ என்றால் நீங்கள் ‘பெரிய கோச்சி’. அவன் ‘ஓச்சி’ என்றாலும் திருத்தாமல் ‘ஓம், கோச்சி போகுது’. அவன் சொன்னதைவிட ஒரு சொல் மட்டும் கூட.

மொழி எதையும் நிறுத்தவேண்டாம். ஆனால் ஒவ்வொருவரும் தமக்குச் சரளமான மொழியில் கதைக்கவேண்டும். அம்மம்மா தமிழில் கதை சொல்லட்டும், அக்கா சிங்களத்தில் பாடட்டும். நீங்கள் ஆங்கிலத்தில் கனவு காண்பவர் என்றால் ஆங்கிலம். இல்லை, முன்பள்ளி நேர்முகத்துக்காகக் கதைக்கிறீர்கள் என்றால் தமிழுக்கே திரும்புங்கள். ‘கம், சிட், ஈட்’ என்ற மூன்று கட்டளைகளில் பிள்ளைக்கு மொழி வராது.

போன் பற்றி நீங்கள் எழுதவில்லை, நாங்களே சொல்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. கார்ட்டூன் ஆயிரம் சொல் சொல்லும். ஆனால் சொல்லிவிட்டு உங்கள் பிள்ளையின் பதிலுக்காக ஒரு முறையும் நிற்காது.

கேள்வி: வசம்பை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று ஆச்சி நிற்கிறார். பிள்ளைக்கு 9 மாதம். தடவலாமா?
– தெமட்டகொடை

பதில்: தடவவேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். தசைகள் தளர்ந்து மூச்சு வரை பாதிக்கும். வசம்பு வாந்தியை உண்டாக்கும். வசம்பு நாக்கின் தடிப்பைக் குறைக்கும் என்பார்கள்; நாக்கின் தடிப்பு பேச்சைப் பிந்தவைப்பதில்லை. ஆச்சியைக் கோபப்படுத்தாமல் இருக்க ஒரு வழி: வசம்பைப் பிள்ளையின் கையில் காப்பாகக் கட்டுகிறேன் என்று அவர் சொன்னால், கடித்து வாயில் போடாதபடி தொட்டில் காலில் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பேத்திக்கு 13 மாதம். 8 கிழமை முந்திப் பிறந்தவள். பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடக்கவில்லை. தொடர்மாடி வீடு, நிலம் குளிர் என்று பெரும்பாலும் இடுப்பில்தான். புறக்கோட்டையில் வோக்கர் ஒன்று வாங்கினேன். மருமகள் அதில் வைக்க விடமாட்டேன் என்கிறாள்.
– ஒரு அப்பம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: மருமகள் சொல்வது சரி, அம்மா. முதலில் வயதைச் சரியாக எண்ணுவோம். முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு 2 வயது வரை, முந்திய கிழமைகளைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்கவேண்டும். 13 மாதத்தில் 8 கிழமை போனால் கிட்டத்தட்ட 11 மாதம். 11 மாதத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது நேரத்துக்கு நடப்பதுதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகள் இருக்கின்றன. பிடிமானமில்லாமல் தனியே நடப்பதற்கு அதில் உள்ள எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. இவ்வளவு அகலமான எல்லைக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட என்ன இருக்கிறது? இன்னொன்று: அந்தப் பிள்ளைகளில் 100க்கு 4 பேரளவில் முழங்காலில் தவழாமலே நடந்துவிட்டார்கள்.

வோக்கரில் என்ன பிழை? பிள்ளையின் பாரத்தை இடுப்புக்குக் கீழே உள்ள துணி தாங்குகிறது, கால் தாங்குவதில்லை. பெருவிரலால் நிலத்தை உந்தி ஓடப் பழகும், குதி நிலத்தில் படாது. முன்னால் உள்ள தட்டு மறைப்பதால் தன் காலையே காணாது. விழுந்தால் எப்படிச் சாய்ந்து காப்பாற்றுவது என்ற பாடமும் இல்லை. இதற்குள் படிக்கட்டு, சூடான தேத்தண்ணி, மேசைவிரிப்பின் நுனி எல்லாம் எட்டிவிடும். கனடா 2004இல் வோக்கர் விற்பதையே தடைசெய்தது.

இடுப்பிலிருந்து இறக்குவதுதான் மருந்து. நிலம் குளிர் என்றால் பாய் ஒன்று விரியுங்கள். காலுறை, சப்பாத்து வேண்டாம். வெறுங்கால் விரல்கள்தான் நிலத்தைப் பற்றும். கட்டிலின் ஓரமாக, ஒரு முழ இடைவெளியில் இரண்டு விளையாட்டுப் பொருட்களை வைத்தால் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்வாள். பக்கவாட்டு நடைதான் இடுப்பின் பக்கத் தசையை உரமாக்குவது; அதற்குப் பிறகுதான் முன்னோக்கிய நடை. அது வந்ததும், ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து, அதற்குள் 2 கிலோ அரிசிப் பையை வைத்துத் தள்ளக் கொடுங்கள். பாரம் இல்லாவிட்டால் கதிரை வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடி, பிள்ளை முகம்குப்புற விழும். இரண்டு கையையும் மேலே தூக்கிப்பிடித்து நடத்தாதீர்கள். அப்போது பாரம் உங்கள் தோளில். பிடிப்பதென்றால் இடுப்பில் பிடியுங்கள்.

வைத்தியரிடம் போகவேண்டிய அடையாளங்கள்: திருத்திய வயதில் (முந்திய கிழமைகளைக் கழித்த வயதில்) 9 மாதமாகியும் தானாக நிமிர்ந்து உட்காரவில்லை, ஒரு பக்கக் காலை மட்டும் இழுக்கிறாள், தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகின்றன, செய்ததைச் செய்யாமல் விடுகிறாள், 18 மாதமாகியும் நடக்கவில்லை. (18 மாதத்திலும் நடக்காதது ஆண் பிள்ளையென்றால் தசைநோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.)

கேள்வி: மகளுக்கு 11 மாதம். பிறந்த நிறை 3.1 கிலோ, 6 மாதத்தில் 7 கிலோ, இப்போது 7.6. கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு படுத்துவிட்டது என்கிறார் மிட்வைஃப் மிஸ். ஆனால் இன்னும் பச்சைக்குள்தானே இருக்கிறது? நன்றாகச் சாப்பிடுகிறாள்: காலை பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, மத்தியானம் பருப்பும் காய்கறியும் அவித்து வடித்த சூப், இரவு கஞ்சி.
– மட்டக்குளி

பதில்: மிஸ் பார்த்தது சரி. கிளினிக் புத்தகத்தில் புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். நடுக்கோட்டில் உள்ள பெண் பிள்ளை 6 மாதத்தில் 7.3 கிலோ, 11 மாதத்தில் 8.7 கிலோ. அதாவது 5 மாதத்தில் 1.4 கிலோ ஏறுகிறாள். உங்கள் மகள் ஏறியது 600 கிராம். இதே போக்கில் விட்டால் பச்சையை விட்டு வெளியே வர அதிக நாள் இல்லை.

முதலில் நிறுவையைச் சரிபாருங்கள்: ஒரே தராசு, உடுப்பில்லாமல், பம்பர்ஸ் இல்லாமல். நனைந்த பம்பர்ஸ் ஒன்று 200 கிராம் வரை கூட்டிக் காட்டும்.

அடுத்தது கோப்பை. பிள்ளையின் இரைப்பை நிறையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் அளவில்தான் கொள்ளும். 7.6 கிலோவுக்கு 230 மில்லிலீற்றர். ஒரு கப்பும் இல்லை. அந்தச் சின்ன இடத்தை நீங்கள் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். சூப்பில் சத்து என்று நாம் வடித்தெடுப்பது சாறு. சத்து வடியில் நின்றுவிடுகிறது, அதை அம்மா சாப்பிடுகிறார். கஞ்சியும் அப்படித்தான். தேத்தண்ணி இதைவிட மோசம்: அதிலுள்ள துவர்ப்பு உணவின் இரும்புச்சத்தைக் கட்டிவைத்துவிடும். 6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும் இரும்பு போதாது. இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்து, விளையாட்டில் ஆர்வம் குறைந்து, கற்றுக்கொள்வதும் பின்தங்கும். நிறையோடு மூளையும் இதில் மாட்டியிருக்கிறது.

ஒரு நேரத்துக்கு: குழைந்த சோறு மேசைக்கரண்டியால் 3, தடித்த பருப்பு 1, மசித்த கீரை அல்லது பூசணி 1, முள்ளெடுத்த மீனோ முட்டையோ 1 (இல்லாவிட்டால் கழுவி வறுத்து இடித்த நெத்தலித் தூள் 1 தேக்கரண்டி), மேலே தேங்காய் எண்ணெய் அல்லது தேங்காயின் முதற்பால் 1 தேக்கரண்டி. இது அரைக் கப் அளவு வரும். கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள்; பிளெண்டரும் வடியும் வேண்டாம். பதம் எப்படி என்றால், கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் ஒட்டி நிற்கவேண்டும். நாளுக்கு 3 அல்லது 4 முறை. பிறகு பப்பாசியோ தோடம்பழமோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். தாய்ப்பாலை உணவுக்கு முன்னால் கொடுக்காமல் பின்னால் கொடுங்கள். கோழி ஈரல் ஒரு சிறு துண்டு, கிழமைக்கு ஒருமுறை.

ஒரு மாதம் இப்படிக் கொடுத்தும் கோடு நிமிராவிட்டால் உணவு மட்டும் காரணமல்ல. சிறுநீர்த் தொற்று போன்ற சத்தமில்லாத நோய்களைப் பார்க்கவேண்டும். கிளினிக் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இடது கையால் சாப்பிடுகிறான். வயது 3. கையைக் கட்டிப் பழக்கலாமா?
– கிருலப்பனை

பதில்: கட்டவேண்டாம். எந்தக் கை என்பதை மூளை முடிவு செய்கிறது. பத்தில் ஒருவரளவில் இடக்கைக்காரர். சாப்பாடு வலக்கையால்தான் என்பது வீட்டு மரியாதை என்றால் அதை மட்டும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கலாம். பென்சிலிலும் கத்தரிக்கோலிலும் கைவைக்காதீர்கள். ஆனால் ஒரு வயதுப் பிள்ளை எப்போதும் ஒரே கையை நீட்டுகிறது என்றால் அது வேறு கதை. 18 மாதத்துக்கு முன் அவ்வளவு தெளிவான கைத்தெரிவு வரக்கூடாது. மற்றக் கையில் பலவீனம் இருக்கிறதா என்று காட்டவேண்டும்.

கேள்வி: மகனுக்கு 3 வயதும் 8 மாதமும். போன விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கினோம். முன்பள்ளியில் தினமும் ‘அ’, ‘ஆ’, ‘இ’ ஒவ்வொரு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே அழுகிறான். எழுதினாலும் தாள் கிழியுமளவுக்கு அழுத்துகிறான். முதலாம் ஆண்டுக்குப் பிந்திவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– தெஹிவளை

பதில்: அழுகையில் அவன் சொல்வது சரி. அவனிடம் கேட்கப்படுவது அவன் கையில் இன்னும் இல்லாத ஒன்று.

பிள்ளைகள் கோடுகளை ஒரு வரிசையில்தான் பார்த்து வரையப் பழகுகிறார்கள். 2 வயதில் நிமிர்ந்த கோடு, 3இல் வட்டம், 4இல் கூட்டல் குறி, 5ஐ அண்டிச் சதுரம், 5 தாண்டி முக்கோணம். சரிவான கோடு நேர்கோட்டைவிடக் கஷ்டம். கோட்டைக் கோடு வெட்டுவது அதைவிடக் கஷ்டம். இப்போது ‘அ’வை எடுத்துப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து வளைந்து கீழே ஒரு தொட்டில், நடுவில் குறுக்கே ஒரு கோடு, கடைசியில் ஒரு நிமிர்ந்த கோடு. நான்கு வேலை, மூன்று திசைமாற்றம். ‘இ’ அதற்கும் மேல். நெடுங்கணக்கு வரிசை நாவுக்கு ஏற்ற வரிசை, கைக்கு ஏற்ற வரிசையல்ல. கைக்கு முதல் எழுத்து ‘ட’: மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம், முடிந்தது. அடுத்தது ‘ப’. பிறகு ‘ம’. சுழியும் வளைவும் உள்ளவை அதற்குப் பிறகு. ‘அ’ என்று வாயால் பாடட்டும், படத்தில் கண்டுபிடிக்கட்டும்; எழுத ‘ட’.

இனி அழுத்தம். விரல்கள் ஆடவேண்டுமென்றால் மணிக்கட்டு நிற்கவேண்டும். மணிக்கட்டு நிற்க முழங்கை, முழங்கை நிற்கத் தோள். தோள் ஆடுகிற பிள்ளை பென்சிலைக் குத்தூசிபோலத் தாளில் ஊன்றித்தான் கையை நிறுத்தும். தாள் கிழிவது அதனால்தான். (சின்னப் பிள்ளையின் மணிக்கட்டு எக்ஸ்ரே படமொன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எலும்பு முற்றாததால் எழுத முடியாதாம். அங்கே எட்டு எலும்பும் முழுதாக முற்றுவது 9 வயதுக்குப் பிறகுதான்; அதற்காக 7 வயதுப் பிள்ளை எழுதாமலா இருக்கிறது? தடை எலும்பில் இல்லை, தசைகளை ஒன்றோடொன்று இசையவைக்கும் நரம்புக் கட்டுப்பாட்டில்.)

தோளுக்கு: பார்க்கில் கம்பியில் தொங்குவது, சுவரில் தாளை ஒட்டி நின்றபடி கீறுவது, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் பெயின்ற் பிரஷும் கொடுத்துச் சுவரை ‘பெயின்ற்’ அடிக்கவிடுவது. விரலுக்கு: உடுப்புக் கிளிப்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் அழுத்தித் திறப்பது, ரொட்டிமாவில் சின்ன உருண்டை பிடிப்பது, அவித்த முட்டையின் கோது உரிப்பது, சட்டைப் பொத்தான் பூட்டுவது. பென்சிலுக்குப் பதில் சோக்கட்டியை 2 சென்ரிமீற்றர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழுச் சோக்கை முஷ்டியால் பிடிக்கலாம். துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், வேறு வழியில்லை. ‘இப்படிப் பிடி’ என்று கையைத் திருத்துவதைவிட இந்தச் சோக்குத் துண்டு நல்ல வாத்தியார்.

ஏடு தொடக்கும்போது செய்தது நினைவிருக்கிறதா? பரப்பிய அரிசியில் விரல். தட்டில் அரிசியோ ரவையோ ஒரு விரல்நுனித் தடிப்பில் பரப்பி, அதில் ‘ட’ கீறவிடுங்கள். அரிசி விரலுக்கு எதிர்ப்புக் கொடுக்கும், முழுக் கையும் அசையும், பிழைத்தால் தட்டை ஒருமுறை ஆட்டினால் அழிந்துவிடும். நம்மவர்கள் பென்சில் கொடுக்காமல் அரிசியில் தொடக்கியதில் காரியம் இருக்கிறது. ஒரு நாள் சடங்காக விட்டதுதான் குறை.

மேசையில் எழுதுவதென்றால் பாதம் நிலத்தில் படவேண்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை ஊன்றும். காலுக்குக் கீழே ஒரு பலகையோ பழைய ரின்னோ வையுங்கள். முன்பள்ளி ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாமல், ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி, அதுவும் பெரிய எழுத்தில் என்று கேளுங்கள். முதலாம் ஆண்டுக்கு ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்கவேண்டும். அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்த வயதில் ஒரு வருடம் மிக நீளம்.

கேள்வி: 3 வயதும் 4 மாதமும். நன்றாகக் கதைத்தவள் ஒரு மாதமாக ‘நா-நா-நா-நான்’ என்று இழுக்கிறாள். கொன்னையாகிவிடுமா?
– வத்தளை

பதில்: கருத்து ஓடும் வேகத்துக்கு வாய் ஈடுகொடுக்காத வயது இது. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் தொடங்கும். நான்கில் மூன்று பேரளவில் தானாகவே நின்றுவிடும். ‘மெதுவாச் சொல்லு’, ‘மூச்செடுத்துச் சொல்லு’ என்று சொல்லாதீர்கள். வசனத்தை நீங்கள் முடித்தும் கொடுக்காதீர்கள். உங்கள் பேச்சை நீங்கள் மெதுவாக்குங்கள். அவள் முடித்த பிறகு ஒரு விநாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். விருந்தாளி முன்னால் தேவாரம் சொல்லவைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தால், சொல் வராமல் முகம் இறுகினால், கண்ணைச் சிமிட்டிக் காலை உதைத்துச் சொல்லை வெளியே தள்ளினால், கதைப்பதையே தவிர்த்தால், அல்லது 6 மாதம் தாண்டினால் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 4 வயதும் 2 மாதமும். கண்ணாடிக் கிளாசை உடைத்துவிட்டு ‘பூனை உடைச்சது’ என்கிறான். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. இந்த வயதில் இப்படிப் பொய்யா? அடித்துத் திருத்தவேண்டும் என்கிறார் கணவர்.
– பம்பலப்பிட்டி

பதில்: இந்த வயதில்தான். பொய் சொல்ல, ‘எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது’ என்ற ஒன்று விளங்கவேண்டும். அது 4 வயதையொட்டித்தான் விளங்கத் தொடங்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். எல்லா வீட்டிலும் ஊசி நூல் போட்ட பழைய பிஸ்கட் ரின் ஒன்று இருக்கும். பிள்ளைக்குக் காட்டி ‘உள்ளே என்ன?’ என்று கேளுங்கள். ‘பிஸ்கட்’ என்பான். திறந்து காட்டி, ஏமாந்த முகம் சரியானதும் மூடுங்கள். பிறகு, ‘அப்பா இன்னும் பார்க்கவில்லை. அவரிடம் இதைக் கொடுத்து உள்ளே என்ன என்று கேட்டால் என்ன சொல்வார்?’ என்று கேளுங்கள். 3 வயதுப் பிள்ளை ‘ஊசி’ என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைக்கும். 4 தாண்டிய பிள்ளை சிரித்துக்கொண்டு ‘பிஸ்கட்’ என்று சொல்லும். உங்கள் மகன் இரண்டாவது வகைக்கு வந்துவிட்டான். இல்லாத பூனையைச் சாட்சிக்கு அழைப்பது, இன்னும் நன்றாகப் பழகவில்லை என்பதற்கு அடையாளம்.

அடித்தால் பொய் நிற்காது, இன்னும் நம்பும்படியாக மாறும்: அடுத்த முறை பூனை இருக்கிற வீட்டில்தான் உடையும். யார் உடைத்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்போது ‘யார் உடைச்சது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒரு பொறி, அதற்குள் பொய்யைத் தவிர வேறு வாசல் இல்லை. ‘கிளாஸ் கை தவறி விழுந்திட்டுது போல. வா, துப்புரவாக்குவம்’ என்று தொடங்குங்கள். உண்மையைச் சொன்னால் ‘சொன்னது நல்லம்’ என்று ஒரு சொல் போதும், பிரசங்கம் வேண்டாம். துண்டுகளை நீங்கள் பொறுக்குங்கள், காலில் செருப்புப் போட்டுக்கொண்டு குப்பை அள்ளும் தட்டை அவன் பிடிக்கட்டும்.